வெட்டினால்தான் வாழும் காடு: பிராட்ஃபீல்ட் மறுதாம்புக் காடும் அதைச் சுற்றியுள்ள சஃபக் களிமண் நாடும்

#1 கூப்புரோடு

புதிதாக வெட்டிய காட்டுப்பகுதியின் படத்தை யாராவது போட்டால் உடனே "காட்டை மொட்டையடித்துவிட்டார்களே" என்ற வருத்தம் கிளம்புகிறது. பிப்ரவரியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். தரையோடு தரையாகக் கட்டைகள், சுற்றிலும் சேறு, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓக். அதனால் ஒரே காட்டை எடுத்துக்கொண்டு பேசுவோம்.

கிழக்கு இங்கிலாந்தின் சஃபக் மாவட்டத்தில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கிறது பிராட்ஃபீல்ட் காடு. ஃபெல்ஷம் ஹால் காடு, மங்க்ஸ் பார்க் காடு என்று இரண்டு துண்டு. பரி மடத்துத் துறவிகளின் சொத்தாக இருந்தது. 1252 முதல் முறைவைத்து வெட்டி வருகிறார்கள். 1960களின் கடைசியில் மங்க்ஸ் பார்க்கின் பெரும்பகுதியை வேரோடு பிடுங்கி உழவு நிலமாக்கிவிட்டார்கள். மிச்சத்தை ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் போராடிக் காப்பாற்றினார்கள். இன்று சஃபக் வனவிலங்கு அறக்கட்டளையின் பராமரிப்பில் தேசிய இயற்கைக் காப்பகமாக இருக்கிறது. எழுநூறு ஆண்டு வெட்டியது இந்தக் காட்டை அழிக்கவில்லை. சில ஆண்டுகளில் அழித்தது கலப்பைதான். பேச்சைத் தொடங்கும்போதே இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சொற்களையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். ஒரு குளிர்காலத்தில் வெட்டும் பகுதி கூப்பு. நம் மலைப்பக்கம் "கூப்பு ரோடு" என்கிறோமே, அதே பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கில வனத்துறை வழியாக அங்கே ஏறியது. வெட்டியபின் மண்ணில் நிற்கும் அடிக்கட்டை தூர். அதிலிருந்து துளிர்ப்பது மறுதாம்பு, கரும்பிலும் தைலமரத்திலும் சொல்கிற அர்த்தத்திலேயே. வெட்டாமல் பலகைக்காக ஓங்க விடுவது பெருமரம்.

#2 களிமண்

முறையாக வெட்டுவது எப்படி என்று எழுதுகிறேன். பாதிப் பிழை இங்கேதான் நடக்கிறது.

காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. இலை உதிர்ந்து மாவுச்சத்து வேருக்கு இறங்கிய பிறகு வெட்டினால் வசந்தத்தில் முழு வேகத்தோடு துளிர்க்கும். இலை விட்டபின் வெட்டினால் சேமிப்பு போனது போனதுதான். பறவைக் கூடுகளும் சேர்ந்து போகும்.

ஹேசல் என்ற கொட்டை காய்க்கும் புதர்மரத்தை 7 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவார்கள். ஆஷ் மரம் விறகுக்கும் கைப்பிடிக்கும் என்றால் 15 முதல் 25 ஆண்டு. கென்ட், சசெக்ஸ் பக்கத்து இனிப்புச் செஸ்ட்நட் வேலிக்கட்டைக்கு 12 முதல் 16 ஆண்டு. ஹார்ன்பீம் மரம் மெதுவாக வளரும், இன்னும் நீளும்.

தூரின் வெளிச்சுற்றுக் கழிகளை முதலில் எடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். தரையிலிருந்து 10 செ.மீ.க்குள் வெட்டு. வெட்டு முகம் தூரின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். உள்பக்கம் சரிந்தால் மழைநீர் நடுவில் தேங்கித் தூர் அழுகும். பட்டை கிழியவே கூடாது. துளிர் வருவது பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து, பட்டை உரிந்த இடத்தில் எதுவும் வராது. கனமான கழி என்றால் சாய்கிற பக்கத்தில் முதலில் ஒரு கீழ்வெட்டுப் போட்டுவிட்டுப் பின்பக்கம் அறுக்கவும். ஆஷில் இதை மறந்தால் கழி நெடுக்காகப் பிளந்து வெட்டுபவர் முகத்துக்கு நேரே எகிறும். இந்த வேலையில் உயிர்ச்சேதம் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சரியாக வெட்டிய ஹேசல் தூர் முதல் கோடையிலேயே ஒரு மீட்டருக்கு மேல் எழும்பும். ஆஷ் இரண்டு மீட்டர்கூடப் போகும்.

#3 புதுத்தளிர்

நல்ல விளக்கம், நன்றி. 40 ஆண்டாக யாரும் தொடாத ஹேசல் தூர்கள் என்றால்? இப்போது வெட்டினால் பிழைக்குமா, செத்துவிடுமா? இடைவெளி நிறைய விழுந்துவிட்ட இடத்தில் நாற்று வாங்கி நடலாமா?

#4 களிமண்

பிழைக்கும். ஹேசலுக்கு வயது எமன் இல்லை, நிழல்தான் எமன். மேலே ஓக்கும் ஆஷும் கூடிக் கூரை போட்டுவிட்டால் அடியில் இருக்கும் ஹேசல் ஒரு கழி, இரண்டு கழி என்று இளைத்துக்கொண்டே போகும். அந்த நிலையில் தூரை மட்டும் வெட்டிவிட்டுப் பெருமரங்களை அப்படியே விட்டால் துளிர் முழங்கால் உயரம் வந்து நின்றுவிடும். அதனால் பெருமரங்களின் நிழல் மொத்தப் பரப்பில் 30 சதவீதத்தைத் தாண்டாதபடி முதலில் குறைக்க வேண்டும். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1543-ல் போட்ட சட்டம் ஏக்கருக்குக் குறைந்தது 12 பெருமரம் விடச் சொன்னது. அது கப்பல் மரத்துக்கான கவலை. இன்றைய கவலை நேர் எதிர், மரம் அதிகமாகிவிட்டது.

பழைய தூரைப் பழைய வெட்டுத் தழும்புக்கும் கீழே இறக்கி வெட்டாதீர்கள். அதற்குச் சற்று மேலே, இளம்பட்டை உள்ள இடத்தில் வெட்டுங்கள். கிழட்டுப் பட்டையில் உயிர்மொட்டு குறைவு.

இடைவெளிக்கு நாற்று வேண்டாம், பதியன் போதும். வெட்டும்போதே காலியிடத்தை ஒட்டிய தூரில் விரல் தடிமனுக்குச் சற்றுக் கூடுதலான, வளையக்கூடிய இரண்டு மூன்று கழிகளை விட்டுவையுங்கள். அடியில் பாதி ஆழம் கொத்தி, ஒடியாமல் தரைக்கு வளைக்கவும். கழி மண்ணைத் தொடும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவாகப் பள்ளம். அந்த இடத்துப் பட்டையை அடிப்பக்கம் கொஞ்சம் கீறி, கவைக்குச்சியால் அறைந்து, மண்ணை மிதித்து மூடிவிடவும். நுனி மட்டும் வெளியே நிற்கும். தாய்த்தூரின் வேர் ஊட்டிக்கொண்டே இருப்பதால் நாற்றைவிட வேகமாக வளரும். இரண்டு ஆண்டில் வேர் பிடித்தபின் தாயோடு உள்ள தொடர்பை வெட்டலாம். மண் இறுகாமல் உள்ளே காற்றுவெளி இருந்தால் வேர் விடாது. பதியன் தோற்பதற்கு முதல் காரணம் அதுதான்.

இலக்கு ஹெக்டேருக்கு 1500 முதல் 2000 தூர். அதாவது தூருக்குத் தூர் இரண்டேகால், இரண்டரை மீட்டர். அதைவிடக் கலைந்து நின்றால் கழி நேராகப் போகாது, பக்கக்கிளை விட்டுக் கோணிக்கொள்ளும். அடர்த்தியாக நின்றால்தான் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு நெட்டுக்குத்தாக ஏறும்.

#5 வேலிக்கம்பி

இதுவரை எழுதிய எல்லாமே சரி. மான் இல்லாத நாட்டில்.

இன்றைய இங்கிலாந்தில் மறுதாம்புக் காடு சாவது அரிவாளால் இல்லை, வெட்டியபின் வரும் இரண்டு கோடையில்தான். ரோ மான், ஃபாலோ மான், எல்லாவற்றுக்கும் மேலாக முண்ட்ஜாக். நம் கேழையாட்டின் சீன உறவு அது. 1900-ஐ ஒட்டி வோபர்ன் பூங்காவுக்குக் கொண்டுவந்ததிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் தென்கிழக்கு முழுதும் பரவிவிட்டது. நாய் அளவுதான் இருக்கும், ஆண்டு முழுதும் குட்டி போடும். புதுத் துளிர் அதற்கு விருந்து. முதல் கோடையில் தின்றால் தூர் மறுபடி துளிர்க்கும். இரண்டாம் முறை தின்றால் இளைக்கும். மூன்றாம் முறைக்குப் பிறகு தூர் செத்துவிடும். நூறு முறை வெட்டுப்பட்டு எழுந்த தூர் மூன்றே கோடையில் போய்விடுகிறது. இதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

கம்பிவேலி என்றால் முண்ட்ஜாக்குக்கும் ரோவுக்கும் ஒன்றரை மீட்டர் உயரம், ஃபாலோவுக்கு 1.8 மீட்டர். முண்ட்ஜாக் தாவுவதைவிட நுழைவதில்தான் கெட்டி. ஆகவே கண்ணி 75 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அடிக்கம்பியை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் முளையடிக்க வேண்டும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் தொங்கு தட்டி போடாவிட்டால் மொத்தச் செலவும் வீண்.

கழித்த சுள்ளியை முளைகளுக்கு நடுவே அடைத்து முள்வேலி போலக் கட்டுவதும் உண்டு. காசு செலவில்லை, சிட்டுக்கு ஒதுங்க இடமும் ஆகும். ஆனால் ஒரே ஆண்டில் உட்கார்ந்துவிடும், அடியில் ஓட்டை விழும். இரண்டாம் குளிர்காலத்தில் மேலே சுள்ளி ஏற்றாத வேலி வேலியே இல்லை. தூர் மேலேயே சுள்ளியைக் குவித்துவிடுவது இன்னொரு பழக்கம். துளிர் அதற்குள் முறுக்கிக்கொண்டு கோணலாக வரும், கழி விறகுக்கு மட்டுந்தான் ஆகும். வேறு வழியே இல்லாத இடத்தில் செய்யலாம்.

#6 மரநிழல்

மாற்றுக் கருத்து ஒன்று. வெட்டுவதே பாதுகாப்பு என்று எல்லாக் காட்டுக்கும் ஒரே மந்திரம் ஓதக்கூடாது. நீண்டநாள் வெட்டாத காட்டில் பட்டமரம், பொந்து, பூஞ்சை, வௌவால், சதுப்பு டிட் குருவி என்று இன்னொரு உலகமே நிலைபெற்றிருக்கும். அதை மீண்டும் 7 ஆண்டு முறைக்கு இழுத்தால் அதில் பாதி போய்விடும். டோர்மவுஸ் என்ற பொன்னிறச் சுண்டெலி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஹேசல் நன்றாகக் காய்க்கவே ஏழெட்டு ஆண்டு ஆகிறது. அதற்குள் மறுபடி வெட்டினால் அது எதைத் தின்று குளிரைத் தாண்டும்? அது சட்டப் பாதுகாப்புள்ள உயிர், குளிர்காலத்தில் தரையில் இலைக்குள் உறங்கும். கனமான வண்டி ஏறினால் தெரியாமலே நசுங்கிவிடும்.

#7 கூப்புரோடு

மரநிழல் சொன்னதில் டோர்மவுஸ் பகுதியை முழுமனதாக ஏற்கிறேன். அது உள்ள காட்டில் சுழற்சியை 15 ஆண்டுக்கு மேல் நீட்டுவது, கூப்புக்குக் கூப்பு கிளைப்பாலம் விடுவது, பக்கத்துப் பக்கத்துக் கூப்புகளை அடுத்தடுத்த ஆண்டில் வெட்டாமல் இருப்பது, மூன்றும் கட்டாயம். எக்காலத்திலோ கைவிட்டுப் பட்டமரம் நிறைந்த காட்டை அப்படியே விடுவதும் நியாயமே.

ஆனால் இடைவிடாமல் வெட்டப்பட்டு வந்த பிராட்ஃபீல்ட் போன்ற காட்டை நிறுத்தினால் போவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வெட்டிய இரண்டாம், மூன்றாம் வசந்தத்தில் வெளிச்சம் தரைக்கு இறங்கி ஆக்ஸ்லிப் பூக்கிறது. வெளிர்மஞ்சள் பூக்கள் ஒரே பக்கம் சாய்ந்து தொங்கும் கொத்து. பிரிட்டனில் அது சஃபக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ் எல்லைகள் சந்திக்கும் களிமண் காடுகளை விட்டு வெளியே அரிது. கூடவே மர அனிமோன், ப்ளூபெல், ஊதாப் பூ. நான்காம் ஆண்டு முள்ளிப்புதர் ஏறும். அதன்பின் கழிகள் கைகோத்துக் கூரை மூடும். அந்த அடர்ந்த புதர்ப் பருவத்தில்தான் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவை வந்து கூடு வைக்கும். பிராட்ஃபீல்டிலேயே மான் வேலிக்கு உள்ளும் புறமும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலிக்குள் அடிப்புதர் அடர்ந்திருந்த இடத்தையே நைட்டிங்கேல் தேடியது. வேலிக்கம்பி எழுதியதன் அருமை அங்கே புரியும்.

கென்டில் ப்ளீன் காடுகளில் ஹீத் ஃப்ரிட்டிலரி என்ற வண்ணத்துப்பூச்சி கூப்புக்குக் கூப்பு இடம்பெயர்ந்தே வாழ்கிறது. அதன் புழு தின்னும் செடி வெட்டிய இடத்தில்தான் செழிக்கும். "மரவெட்டியின் பின்தொடர்வான்" என்றே அதற்கு ஊரில் பேர். அடுத்த ஆண்டு பக்கத்தில் கூப்பு விழாவிட்டால் போக இடமில்லை.

#8 படல்கட்டி

வெட்டிய கழிக்கு வாங்க ஆள் இல்லாவிட்டால் சுழற்சி நின்றுவிடும். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான்.

பிராட்ஃபீல்டின் ஆஷ் கழி பக்கத்து வெல்னெத்தம் ஊரில் மரவாரி (புல், வைக்கோல் வாரும் கருவி) செய்யும் பட்டறைக்குப் போனது. சஃபக்கின் பழைய ஊரான லாவென்ஹம் தெருவில் நிற்கும் மரச்சட்ட வீடுகளின் சுவருக்குள் இருப்பது பின்னிய குச்சியும் மேலே பூசிய களிமண்ணும். நம் தட்டிச்சுவர் மாதிரியேதான். வீட்டின் சட்டம் பெருமரம், சுவர் மறுதாம்பு. ஒரே காட்டின் இரண்டு மாடி.

இப்போதும் விலை போவது ஹேசல் படல். செம்மறிக்குப் பட்டி அடைக்கக் கட்டியது, இன்று தோட்ட வேலிக்குப் போகிறது. ஆறடிக்கு ஆறடி படலுக்குக் கனமான மரத்துண்டில் லேசாக வளைந்த வரிசையில் பத்துத் துளை போட்டு, பத்து முளை நிறுத்துவார்கள். ஓர முளை இரண்டும் உருண்டை, நடுவில் உள்ளவை பிளந்தவை. அடியில் சில வரிசை உருண்டை விளார், பிறகு பிளந்த விளார், மேலே மீண்டும் உருண்டை. ஓரத்தில் திரும்பும்போது விளாரை மடக்கக்கூடாது, முறுக்க வேண்டும். துணி பிழிவது போல முறுக்கினால் நார் நாராகப் பிரிந்து கயிறாகச் சுற்றி வரும். வெறுமனே மடக்கினால் டக்கென்று ஒடியும். துளை வரிசை வளைந்திருப்பதற்குக் காரணம், அடுக்கி வைத்துக் காயும்போது படல் நிமிர்ந்து தட்டையாகி இறுகும். நேர்வரிசையில் கட்டினால் காய்ந்தபின் தொளதொளத்துவிடும்.

வெட்டிய அதே குளிர்காலத்தில் பின்னி முடித்துவிட வேண்டும். அடுத்த கோடையைத் தாண்டிய விளார் முறுக்குத் தாங்காது. பத்து ஆண்டைத் தாண்டிய ஹேசல் கழி தடித்துப்போகும், பின்னலுக்கு ஆகாது. நாற்பது ஆண்டுத் தூரின் முதல் வெட்டு விறகுக்கும் கரிக்கும்தான். நல்ல கழி இரண்டாம் வெட்டில்தான் கிடைக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பலர் முதல் ஆண்டிலேயே மனம் விட்டுவிடுகிறார்கள்.

கூரை வேய்வோருக்கான குச்சியும் இருக்கிறது. இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவான பிளந்த ஹேசல், நடுவில் முறுக்கி ஊக்கு போல வளைத்து வைக்கோலில் அறைவார்கள். விறகுக்கு ஒரு குறிப்பு: 2021 மே முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவான சிப்பமாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பச்சையாகக் கட்டி விற்கும் காலம் முடிந்தது.

#9 ஆஷ்இலை

பிராட்ஃபீல்டைப் பேசிவிட்டு ஆஷ் கருகல் நோயை விட்டுவிட முடியாது. ஃபெல்ஷம் ஹால் காட்டில் ஓர் ஆஷ் தூர் இருக்கிறது. நடு எப்போதோ அழுகிப்போய், வெளிவிளிம்பு மட்டும் வளையமாக, சுமார் ஐந்தரை மீட்டர் அகலம். குறைந்தது ஆயிரம் ஆண்டு வயது என்று கணிக்கிறார்கள். வளர விட்ட ஆஷ் இருநூறு, முந்நூறு ஆண்டில் சாய்ந்துவிடும். வெட்டி வெட்டி வைத்ததால்தான் இது நின்றது.

பிரிட்டனில் இந்தக் கருகலை உண்டாக்கும் பூஞ்சை 2012-ல் உறுதியானது. காட்டில் முதலில் கண்டது பக்கத்து நார்ஃபக்கின் ஆஷ்வெல்தார்ப் காட்டில். வித்து காற்றில் வந்து இலையில் இறங்கி, கொழுந்துத் தண்டைப் பிடிக்கும். மறுதாம்பு முழுக்கக் கொழுந்துதான் என்பதால் முதிர்ந்த மரத்தைவிட வேகமாகச் சாகும். ஆகவே "நோய் வந்துவிட்டது, வெட்டிப் புதுப்பிப்போம்" என்பது தவறான யோசனை. இலைக்கூரை பாதிக்குமேல் உதிர்ந்த ஆஷை வெட்டினால் தூரும் போய்விட வாய்ப்பு அதிகம். நன்றாக இருக்கும் ஆஷைத் தொடாமல் விடுங்கள், எதிர்ப்புச் சக்தியுள்ள விதை அதிலிருந்துதான் வரவேண்டும். பாதையோரத்தில் செத்த ஆஷை மட்டும் அகற்றுங்கள். அதன் கட்டை மொறுமொறுவென்று உடையும், ஏறி வெட்டக்கூடாது.

#10 வரப்போரம்

காட்டுக்கு வெளியே கொஞ்சம் நடப்போம். பழங்காடு என்பதற்கு இங்கிலாந்தில் வரையறை 1600-க்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருப்பது. காகிதம் இல்லாவிட்டாலும் கண்ணால் கண்டுபிடிக்கலாம். எல்லையில் அகன்று தாழ்ந்த மண்கரை, அதற்கு வெளிப்பக்கம் அகழி. ஆடு மாடு உள்ளே வராமல் தடுக்கக் கட்டியது. எல்லைக்கோடு நேராக ஓடாது, வளைந்து நெளியும். கரைமேல் தலையளவு உயரத்தில் வெட்டிய கிழட்டு மரங்கள் எல்லைக்கல் போல நிற்கும்.

பிராட்ஃபீல்டைச் சுற்றிய நாடும் அப்படித்தான். சிறு வயல், உயர்ந்த வேலிப்புதர், வளைந்த ஒற்றையடி ரோடு, தனித்தனிப் பண்ணைவீடு. வயலில் கோதுமையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும். கிழங்கு பரி ஊர் சர்க்கரை ஆலைக்குப் போகும். 30 கெஜம் வேலியில் எத்தனை வகை மரமோ அத்தனை நூற்றாண்டு வயது என்று ஒரு கணக்கு உலவுகிறதே, அதை ஒரு வேலிக்கு மட்டும் போட்டு முடிவு சொல்லாதீர்கள். தொடக்கத்திலேயே பல வகை கலந்து நட்ட வேலியும் உண்டு. எல்ம் மரம் வேர்விட்டுப் பரவி மற்றதை விழுங்கிய பழைய வேலியும் உண்டு.

காட்டின் ஓரத்தில் பத்துப் பதினைந்து மீட்டருக்குக் காஞ்சொறி மண்டியிருந்தால் வயல் உரம் காற்றோடும் நீரோடும் உள்ளே வருகிறது என்று அர்த்தம். வயலோரம் உரமிடாத புல்பட்டை விடுவதுதான் மருந்து.

#11 களிமண்

ஓரத்தில் வரும் கேடு அது. உள்ளே நாமே செய்யும் கேடு கழியை வெளியே இழுக்கும் வேலை. பனிக்காலக் களிமண்ணில் டிராக்டர் ஒருமுறை போனாலே முழங்கால் ஆழத் தடம், அதில் தண்ணீர் தேங்கும், மண்ணில் காற்று போகாது. மர அனிமோன் நூறு ஆண்டுக்கு இரண்டு மீட்டர் அளவுதான் நகரும். ஒரு தடத்தில் நசுக்கியதை நம் பேரன் காலத்திலும் திரும்பப் பார்க்க முடியாது. கழியைப் பாதையோரம் வரை தோளில் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் மண் கட்டியாகக் காய்ந்தபின் வண்டியில் ஏற்றுங்கள்.

சுள்ளி எரிப்பதென்றால் கூப்பு முழுதும் ஒரே இடம், முடிந்தால் தகரத்தை உயர்த்தி அதன்மேல். பத்து இடத்தில் எரித்தால் பத்து இடத்திலும் கிழங்குப்பூ வெந்துபோகும், அடுத்த ஆண்டு காஞ்சொறி வரும்.

#12 புதுத்தளிர்

இரண்டு கேள்வி மட்டும். வெட்ட அனுமதி வேண்டுமா? மே மாதம் துளிரைப் பார்க்கும்போது கடித்தது முயலா, மானா என்று எப்படிச் சொல்வது?

#13 வேலிக்கம்பி

மறுதாம்புக் கழி மார்பு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், 15 செ.மீ. அல்லது அதற்குக் குறைவான விட்டம் என்றால் வெட்டு உரிமம் தேவையில்லை. அதைவிடத் தடித்த மரம் என்றால் காலாண்டுக்கு 5 கன மீட்டர் வரை உரிமமில்லாமல் வெட்டலாம், அதில் விற்பது 2 கன மீட்டரைத் தாண்டக்கூடாது. மீறினால் வனத்துறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். கைவிட்ட தூர்களில் கழி 15-ஐத் தாண்டியிருக்கும். டேப் வைத்து அளந்துவிட்டே ரம்பத்தைத் தொடுங்கள். இயற்கைப் பாதுகாப்பு நிலம் என்றால் தனி ஒப்புதலும் உண்டு.

கடிக்கு: முயல் கத்தியால் சீவியது போலச் சாய்வாக, சுத்தமாக வெட்டும். மானுக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது, ஆகவே பிய்த்து இழுக்கும், நுனியில் நார் தொங்கும். ஒரு மீட்டருக்குள் கடி நின்றால் பெரும்பாலும் முண்ட்ஜாக், அதற்கு மேலும் போனால் ரோவோ ஃபாலோவோ. இடுப்பு உயரத் துளிர் பாதியில் மடங்கி ஒடிந்து, நுனி இலை மட்டும் காணாமல் போயிருந்தால் அதுவும் முண்ட்ஜாக் வேலை. எட்டாத தண்டைக் கால்களுக்கு நடுவே விட்டு நடந்தே சாய்த்துவிடும். அப்படி ஓர் ஒடிந்த தண்டைக் கண்ட அன்றே வேலியைச் சுற்றி வாருங்கள். வாய்க்கால் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.